பஸ் போய்விட்டது, பின்னே எப்படி வந்தாள்?

அன்புள்ள எல்லோருக்கும்,

என் நாவல் புத்தகமாக வந்துவிட்டது. நேற்று மாலை பத்துக் கட்டுகள் ஆட்டோவில் வந்து இறங்கின. இரவு முழுக்கத் தூக்கமில்லை. முன்பு ஒரு பதிப்பாளரிடம் என் பணம் போன கதை உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறும் எண்ணம் இல்லை.

முன்பணம் அனுப்பியவர்கள், தட்டச்சு செய்து தந்த நண்பர், ளகர ழகரத்தோடு மல்லுக்கட்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாவலில் நம் ஊர்ப் பேச்சில் வரும் மரச்சீனியை மரவள்ளி என்றும் சக்கையைப் பலா என்றும் மாற்றச் சிலர் சொன்னார்கள் என்றதும், 'மாற்றினால் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்' என்று மிரட்டிய சித்தி: எல்லோருக்கும் என் கும்பிடு. உங்களில் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மடல், நாகர்கோவிலில் பைண்டிங் வேலை செய்யும் ஓர் அக்காவுக்காக எழுதுவது.

அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடித்து அடுக்குவது அவர் வேலை. பாரம் என்றால் ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி; ஒன்றுக்கு 16 பக்கம். என் நாவல் 14 பாரம். தையலுக்குப் போகும் முந்தைய நாள் ராத்திரி எட்டரைக்கு அழைத்தார். யார் என்றுகூடச் சொல்லவில்லை.

"மக்கா, அணைக்கரையில் இவள் நிற்கிறாள், கடைசி பஸ் போய்விட்டது. அடுத்த பக்கத்தில் அடுக்களையில் மரச்சீனி அவிக்கிறாள். பின்னே எப்படி வந்தாள்?"

112ஆம் பக்கத்துக்கு அடுத்து 129. எட்டாம் பாரம் அச்சாகவே இல்லை. ஒன்பதாம் பாரம் இரண்டு தடவை ஓடியிருந்தது. அச்சகத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கேட்டிராவிட்டால், பேச்சிப்பாறை அணைக்கரையில் நின்ற என் கதாநாயகி 300 பிரதியிலும் வீடு வந்து சேர்ந்திருக்கமாட்டாள்.

மடிப்புக்கூலி எண்ணிக்கைக் கணக்கு. கை நின்றால் காசு நிற்கும். அந்தக் கையை நிறுத்திவிட்டுத்தான் அவர் வாசித்திருக்கிறார்.

எனக்கு அது உறைப்பதற்குக் காரணம் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு என் தொழில். மழை பெய்தால் வெட்டு கிடையாது, பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணீர்தான் நிற்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் குமரி. கூலி இல்லாத அந்த நாட்களில்தான் நாவல் வளர்ந்தது, வீட்டில் வசவும் வளர்ந்தது. நம் மாவட்டத்து எழுத்தாளர்களில் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதினார், சுந்தர ராமசாமி ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே எழுதினார் என்று சொல்லி வசவைச் சமாளிப்பேன். 'அவர்களுக்குக் கடை இருந்தது' என்பாள் மனைவி. நியாயமான பதில்தான்.

மறுநாள் எட்டாம் பாரம் ஓடியது. அக்கா இருட்டும்வரை இருந்து மடித்தார். அதிகப்படி கூலியை நீட்டினேன், வாங்கவில்லை. அந்தப் பாரத்தில் ஒன்றை மட்டும் நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

இனி நான் எதை எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் பிரதி அவர் கைக்குப் போகும். முழுப் புத்தகத்தையும் நேற்றே கொடுத்தனுப்பிவிட்டேன். வாசித்தீர்களா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
குலசேகரத்துப் பால்வெட்டுக்காரன்