ஸ்டோன் கோல்டுக்குக் கிடைத்த மேடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் ஒருவர், டிவியில் வரும் ரெஸ்லிங் எல்லாம் செட்டப், யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடுகிறது, அதில் திறமைக்கு என்ன வேலை என்று எழுதியிருந்தார். முடிவு முன்பே எழுதப்படுவது உண்மைதான். ஆனால் ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு சேர்த்த வயதிலிருந்து பார்த்து வருகிற என்னைக் கேட்டால், ஒருவர் மேலே வருவதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்பது இங்கே தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற ரெஸ்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் கையில் அடிபட்டுக் கிடந்தபோது டபிள்யூசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பியது. 1996 ஜூனில் அதன் போட்டிக் கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப் (இப்போதைய டபிள்யூடபிள்யூஇ) நடத்திய கிங் ஆஃப் த ரிங் போட்டியின் பட்டம் ட்ரிபிள் ஹெச் என்ற இன்னொரு ரெஸ்லருக்கு என்றுதான் திட்டம். அதற்கு முந்தின மாதம் நியூயார்க்கில், கம்பெனியை விட்டுப் போகிற நண்பர்களை வழியனுப்புகிறோம் என்று, ஹீரோவும் வில்லனுமாக மோதியவர்கள் ரசிகர்கள் முன்னாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்; ட்ரிபிள் ஹெச்சும் அவர்களில் ஒருவர். தண்டனை அவர் தலையில் விழுந்தது, பட்டம் ஆஸ்டின் பக்கம் வந்தது. இதுவரைக்கும் அதிர்ஷ்டம்.

அப்புறம் நடந்தது அப்படியில்லை. அன்றைய அரையிறுதியில் உதடு கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து இறுதி ஆட்டம் ஆடினார். எதிராளி ஜேக் ராபர்ட்ஸ் பைபிள் வசனம் பேசுகிறவர். ஜெயித்த கையோடு, பைபிளில் வரும் யோவான் 3:16 வசனத்தைப் பிடித்து ‘ஆஸ்டின் 3:16’ என்று மைக்கில் ஒரே போடு போட்டார். யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. வேதத்தைத் தொட்டுப் பேசுகிறார், கூட்டம் முகம் சுளித்திருந்தால் அவர் கதை அன்றோடு முடிந்திருக்கும். அந்த வரி டி-ஷர்ட்டில் ஏறி ஊர் ஊராகப் போனது.

2019-ல் அதே கம்பெனியில் கோஃபி கிங்ஸ்டன் என்ற ரெஸ்லர் உலகப் பட்டம் வாங்கியதும், சக ரெஸ்லர் முஸ்தபா அலிக்கு அடிபட்டு அவர் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டதால்தான். கோஃபி அதற்குள் 11 வருடம் அங்கே உழைத்திருந்தார், கிடைத்த முதல் நாளே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடிக் காட்டினார், சரி. ஆனால் அலிக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. அவர் என்ன உழைக்காதவரா?

கிரிக்கெட்டில் நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராக, அதாவது பயிற்சியில் மட்டும் பந்து போடுகிறவராகப் போனவர். வருண் சக்ரவர்த்திக்கு அடிபட்டது, டி20 அணியில் இடம் கிடைத்தது, அடுத்தடுத்து மற்றவர்களுக்கும் காயம், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அவரைக் கவனிக்க வைத்தது, பேட்ஸ்மேன் காலடியில் விழுகிற யார்க்கர் பந்து. கொஞ்சம் தவறினாலும் ஃபுல்டாஸாகி சிக்ஸருக்குப் போகிற பந்து, அதையே அந்த வருட ஐபிஎல்லில் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து ரோடு பக்கம் நடந்த ஒரு வழிகாட்டிக் கூட்டத்தில், பேசியவர் நடராஜன் படத்தைத் திரையில் காட்டி, உழைத்தவன் தோற்றதே இல்லை என்று முழங்கினார். என் பக்கத்தில் அம்மாப்பேட்டைத் தறிக் குடும்பத்துப் பையன், குரூப் 4-ல் கொஞ்ச மார்க்கில் வாய்ப்பை விட்டவன், கையிலிருந்த நோட்டை மூடிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன் ராத்திரியெல்லாம் படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெற்றிக் கதை போடும்போது, யார் விலகியதால் அந்த இடம் காலியானது, அங்கே போன பிறகு இவர் என்ன துணிந்து செய்தார், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றியும் விளையாட்டுப் பக்கத்தில் மாதம் ஒரு கட்டுரையாவது வரட்டும்.

ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.