குரேயும் சீனன்குடாவும்

திருகோணமலை.

அன்புள்ள நண்பனுக்கு,

நீ ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைத் தொகுதிகள் மழையில் நனையாமல் வந்து சேர்ந்தன. அம்மா உன்னை மிகவும் விசாரித்தார். ஆவணியில் நடக்கவிருக்கும் மங்கா ரசிகர் சந்திப்புக்கு என்னென்ன அமர்வுகள் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய்.

சென்ற முறை நாங்கள் மூவர் மேடையில் இருந்துகொண்டு, தெசூக்கா ஒசாமுவின் ஆஸ்ட்ரோ போய் என்ற கார்ட்டூன் தொடர் 1963 இல் தொலைக்காட்சிக்கு வந்ததிலிருந்து தொடங்கி ஒரு மணிநேரம் ஒப்புவித்தோம். வந்திருந்த பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இம்முறை வருகிறவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு வாங்கும் அமர்வுகளையே வைக்க விரும்புகிறேன்.

ஒன்று, ஒலிச்சொற்கள். மங்காவில் நெஞ்சு 'டொக்கி டொக்கி' என்று அடிக்கும், நட்சத்திரம் 'கிரா கிரா' என்று மின்னும். எங்களிடம் 'படபட'வும் 'மினுமினு'வும் இருக்கின்றன. நேற்றிரவு நீ அனுப்பிய தொகுதியொன்றில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒலிகளைப் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன். மழைக்கு 'சோ' உடனே வந்தது. மரப்படியில் ஓடும் கால்களுக்குத் 'தடதட' வந்தது. ஆனால் வெறும் அறையொன்றின் நடுவே, அமைதிக்கென்றே ஜப்பானியர் எழுதும் 'ஷீன்' என்ற சொல்லில் நெடுநேரம் நின்றுவிட்டேன். 'கம்' என்று எழுதினால் கூடவே மணமும் வந்துவிடுகிறது. இரட்டைக்கிளவியை இலக்கணப் பாடமாக மட்டும் அறிந்த பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தையும் ஒரு பென்சிலையும் கொடுத்தால், அந்த அறைக்குரிய சொல்லை அவர்களில் ஒருவர் கண்டுபிடிப்பார் என்று நம்புகிறேன்.

வன் பீஸ் மங்காவுக்கு ஓர் அமர்வு இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். அதை அவர்களே நடத்தட்டும்.

என் மனம் முழுவதும் மூன்றாவது அமர்வில்தான் இருக்கிறது. கோனோ ஃபுமியோவின் மங்காவைக் கொண்டு கட்டபுச்சி சுனாவோ 2016 இல் எடுத்த 'இன் திஸ் கோர்னர் ஒஃப் த வேர்ல்ட்' படத்தை நாம் சேர்ந்து பார்த்தது நினைவிருக்கிறதா? குரே என்ற ஜப்பானியக் கடற்படைத் துறைமுகத்துக்கு மணமுடித்துப் போகும் சுசு, மேட்டு நிலத்தில் இருந்து கீழே நிற்கும் போர்க்கப்பல்களை வரைகிறாள்; இராணுவப் பொலிசார் வந்து அவளுடைய கொப்பியைப் பறித்துவிடுகிறார்கள். துறைமுகத்தையும் கடற்படையையும் பார்த்தே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் குரேயின் மேல் வந்தன. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின் மேலும் அருகிலுள்ள சீனன்குடாவின் மேலும் வந்தன. குண்டு போட்ட நாட்டின் பெண்ணொருத்தி குண்டுக்கு அஞ்சிப் பதுங்குவதைப் பார்த்து நாம் அழுதோமே, அந்த அழுகையைப் பற்றி இந்த ஊரிலேயே இருந்து பேச வேண்டும் என்று தோன்றுகிறது. படத்தில் பத்து நிமிடங்களை மட்டும் காட்டிவிட்டு, மீதி நேரத்தை வந்திருப்பவர்களின் வீட்டுக் கதைகளுக்கு விட்டுவிடலாம்.

அதைத் தொடங்கிவைக்க உன் அம்மம்மாவின் கதை வேண்டும். சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்ததையும், சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு எல்லோரும் காட்டுப் பக்கம் ஓடியதையும் அவர் சொல்லச் சொல்ல, நீ ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதினாய். அந்தக் கொப்பி இன்னும் உன்னிடம் இருந்தால், அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இந்த மாதத்துக்குள் அனுப்பிவை.

உன் அன்பு நண்பன்