வேறு படகுகளும் சென்றன

அன்பு மகளுக்கு,

‘இயேசுவுக்கே புகழ்’ என்று தலைப்பில் போட்டுத்தான் முதலில் தொடங்கினேன். நீ முகம் சுளிப்பாய் என்று தோன்றியதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று அம்மா கேட்டாள். “தம்பி சாகும்போது தூங்கிக்கொண்டிருந்தவரிடம் என் பிள்ளையை எதற்குக் கொடுக்க வேண்டும்?” என்றாய். அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானோ, குவைத்தில் குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். நாற்பது ஆண்டு கடலில் கிடந்தவனுக்கு வாய் அடைத்துப்போனால் காற்றையும் குளிரையும் பற்றித்தான் பேச வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

வரும் நவம்பர் 30ஆம் தேதியோடு தம்பி போய் எட்டு ஆண்டுகள். அன்று திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். பெலவேந்திரர் என்று நாம் கூப்பிடும் அதே மீன்காரர். கோட்டாற்றில் சவேரியார் திருவிழாவும் நடந்துகொண்டிருந்தது. இத்தனை புனிதர்கள் காவல் நின்ற வாரத்தில்தான் 2017இல் அந்தக் காற்று வந்தது. அந்தப் புயலுக்கு ‘ஒக்கி’ என்று பெயர்; வங்காள மொழியில் கண் என்று பொருளாம். பத்திரிகையில் அதைப் படித்த அன்று தாளைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகினேன்; இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர்கள் பல நாள்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுடைய காதுக்கு எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் வீட்டு வாசலில் பெண்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின, சில மகாராஷ்டிரம் வரை போய்விட்டன. உன் தம்பியின் படகு எங்கும் ஒதுங்கவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஊர் ஊராகப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், தேடுங்கள் என்று கேட்டு. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

கிடைத்த உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இரத்தம் எடுத்தார்கள். நரம்பு அகப்படாமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். எந்த உடலோடும் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. அன்று நான் மாதா கெபியில் முழுக்கட்டு மெழுகுவத்தியையும் கொளுத்தி நன்றி சொன்னேன். அடுத்த ஈஸ்டர் வருவதற்குள், அந்த உடல்களில் ஒன்றாவது அவனுடையதாக இருந்திருக்கக்கூடாதா என்று கேட்டு அழுதேன். இரண்டையும் சொன்னது ஒரே வாய். அதற்குப் பிறகு செபிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

என் முழங்கால் போனதால் என் இடத்தில் அந்தப் படகில் ஏறியவன் அவன். ஏறச் சொன்னவன் நான். நீ இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் உனக்கு ஆண்டவர்மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு எனக்குரியது என்று தெரியும். எடுத்துக்கொள்கிறேன்.

பதினோரு மாதம் நான் பூசைக்குப் போகவில்லை. நீ கேட்டபோதெல்லாம் அம்மா, “அப்பா கோயிலில் இருக்கிறார்” என்று பொய் சொன்னாள். ஒருதடவை ஒரு பிரசங்கியார் வீட்டுக்கு வந்து, ஊரில் குடி பெருகிவிட்டது, ஆண்டவர் கண்டித்திருக்கிறார் என்றார். திண்ணையைவிட்டு இறங்கச் சொன்னேன். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்திருந்தவருக்கு அது தெரியவில்லை. இன்னொருவர், ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார். யோபு அதைத் தன் வாயால் சொல்லலாம். பிள்ளையை இழக்காதவன், இழந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி ஒருவர் மட்டும் வேறு மாதிரி இருந்தார். முஸ்லிம், என்னிடம் இருபது ஆண்டாகச் சுறா எடுத்தவர். தினமும் பத்து மணிக்கு வருவார், செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காருவார், கட்டன் சாயா குடிப்பார், தொழுகைக்கு நேரமானதும் எழுந்து போவார். ஒரு வாரம் வந்திருப்பார். பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். யோபின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது.

அடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எல்லோரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்துத் திரி கொளுத்தினார்கள். அம்மா ஒரு பொதி மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்ட வாசலில் நின்றுவிட்டாள். எங்கே கொண்டு வைப்பது? கடற்கரைக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன்பே ஏழெட்டுக் குடும்பங்கள். மணலில் நட்ட திரி காற்றில் நிற்கவில்லை. ஒரு பாட்டி மடியிலிருந்து சிரட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் பிடி மணல் போட்டு, திரியை உள்ளே இறக்கி, காற்று வரும் பக்கம் விளிம்பு உயர்ந்திருக்கும்படி சாய்த்து வைத்தாள். நின்று எரிந்தது. இதை அவள் எங்கே கற்றாள் என்று கேட்க நினைத்தேன், பிறகு புரிந்தது: அவளுக்கு இது முதல் கடல் சாவு இல்லை. அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போனேன். மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

புயல் அடிக்கும்போது இயேசு தூங்கினார் என்று மாற்கு நற்செய்தியிலேயே இருக்கிறது, நாலாம் அதிகாரம். படகின் பிற்பகுதியில், தலையணை வைத்து. பிற்பகுதி என்றால் அமரம், சுக்கான் பிடிக்கிற இடம். தங்கலுக்குப் போனவனுக்கு அந்தத் தூக்கம் தெரியும். கடலில் ஒருவன் கண்ணை மூடுகிறான் என்றால் விழித்திருப்பவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் மூடுகிறான். உன் தம்பி அமரத்தில் நின்ற இரவுகளில் நான் அப்படித் தூங்கியிருக்கிறேன். இவரோ தச்சர், கடல் தொழில் அறியாதவர். பெலவேந்திரரையும் அவருடைய உடன்பிறந்த பேதுருவையும் நம்பித் தலை சாய்த்திருக்கிறார். ஆண்டவரை நம்பு, நம்பு என்று நம்மிடம் சொல்கிறவர்கள், அவர் மீன்காரர்களை நம்பிப் படுத்ததைச் சொல்வதில்லை.

எழுப்பியவர்களும் கைகூப்பி எழுப்பவில்லை. “போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?” என்று கத்தினார்கள். போனில் நீ கேட்டதும் இதைத்தான். அதைக் கேட்டு அம்மா பயந்துவிட்டாள், பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று. எனக்கு அந்தப் பயம் இல்லை. இல்லாதவரைப் பார்த்து யாரும் அவ்வளவு சத்தம் போட மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்ற வரி வேறு. “வேறு படகுகளும் அவருடன் சென்றன” என்று இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. சிறு வயதிலிருந்து கேட்ட வாசகம், பிடிபட்டதே இல்லை. காற்று ஓய்ந்தது, பெரும் அமைதி உண்டாயிற்று, அவர்கள் அக்கரை சேர்ந்தார்கள். சரி, அந்த வேறு படகுகள்? மாற்கு சொல்லவில்லை. அமைதி எல்லாப் படகுக்கும் பொதுவாகத்தானே வந்திருக்கும் என்றார் பங்குச் சாமியார். இருக்கலாம். அவரை எழுப்புவதற்கு முன்பே ஒன்று கவிழ்ந்திருந்தால்? போனது எத்தனை, வந்தது எத்தனை என்றுதான் கடல்காரன் முதலில் எண்ணுவான். நம் பையன் அந்த வேறு படகில் இருந்தவன்.

இதை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு கிடந்தேன். 2021 குருத்து ஞாயிறு, கொரோனாக் காலம், முகக்கவசத்தோடு இயேசுவின் பாடுகளை வாசித்தார்கள், அந்த வருடம் மாற்கு எழுதியது. “என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்ற இடம் வந்தது. அவர் உயிர்விட்டதும் எல்லோரும் முழந்தாளிட்டார்கள், என் முழங்கால் மடங்காததால் நான் உட்கார்ந்தே இருந்தேன். உட்கார்ந்த இடத்தில் அது எனக்குப் பட்டது. அன்று காற்றை அதட்ட ஆள் வரவில்லை. அவரும் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் விழிக்கவில்லை. அன்று அவர் வேறு படகில் இருந்தார், மகளே. அவனோடு இருந்தார்.

இது உன் கேள்விக்குப் பதில் ஆகாது. எனக்கே ஆகவில்லை. ஏன் அவன் என்று இன்றும் கேட்கிறேன், இன்றும் சத்தம் இல்லை. அந்தக் கதையின் முடிவில் அவர், “உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்கிறாரே, அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் மூழ்கிய படகில் அவர் இருந்தார் என்பதை மட்டும் விட மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

ஞானஸ்நானம் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் நேராது என்று நான் சொல்ல மாட்டேன். உன் தம்பிக்கும் கொடுத்தோம், அதே கோயிலில். எனக்கு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உன் மனம் இல்லாமல், அம்மாவின் கண்ணீருக்காகச் செய்யாதே. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். தம்பியின் பெயரை வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். அம்மா வேண்டாம் என்கிறாள். அவன் வந்தால் தன் பெயர் எங்கே என்று கேட்பானாம். எட்டு ஆண்டு ஆகியும் அவள் அப்படித்தான் பேசுகிறாள், நானும் திருத்துவதில்லை.

பால் சுறாக் கருவாடு காயவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் பத்தாம் தேதி குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் இடம் கேட்டிருக்கிறேன். வாடை வெளியே வராதபடி மூன்று சுற்றுப் பொதிந்து கட்டியாயிற்று. உப்பு கூடுதல், இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுப் புட்டு செய். பால் நன்றாக ஊறும் என்பாள் அம்மா.

உன் அப்பா