கணக்கை விடாதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். விசுவமடுவில் மழை தொடங்கிவிட்டது. வயலை இந்தக் காலபோகத்துக்கும் குத்தகைக்குத்தான் கொடுத்தோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் குறைவு. வேறு புதினம் இல்லை.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின ஆய்வுக் கட்டுரைகளை முன்வீட்டுத் தம்பி பிரிண்ட் எடுத்துத் தந்தான். அகராதியை வைத்துக்கொண்டு நாலு இரவு இருந்து படித்தேன். பேரன் ஏன் அங்கே கனடாவில் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறதைப் பற்றி நீ மூன்று கட்டுரை அனுப்பியிருக்கிறாய்.

1999இல் ரட்னர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் வீட்டில் படிக்கிற பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வைப் பெரிதாகச் சொல்லியிருந்தாய். 11,930 குடும்பங்கள், 20,760 பிள்ளைகள், நல்ல புள்ளிகள், சரி. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஒரே சோதனைச் சேவையில் தாங்களாகப் பதிந்துகொண்டவை. படித்த, வசதியான வீடுகள்தான் அதிகம். இதை வைத்து வீட்டுப் படிப்புத்தான் சிறந்தது என்று முடிவெடுக்கக் கூடாது என்று ரட்னரே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நீ படித்தாயா? என் ரியூசனுக்கு வந்த பிள்ளைகளின் புள்ளியைக் கூட்டிப் போட்டு, முல்லைத்தீவு மாவட்டமே இப்படித்தான் என்று நான் சொன்னால் நீயே ஒத்துக்கொள்ளமாட்டாய்.

கனடாவிலேயே செய்த 2011ஆம் ஆண்டு ஆய்வு எனக்குப் பிடித்தது. வீட்டில் படிக்கிற 37 பேர், பள்ளிக்கூடம் போகிற 37 பேர், எல்லாம் ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள். வீட்டுப் பிள்ளைகளில் ஒழுங்காகப் பாடம் நடந்த 25 பேர் முன்னுக்கு நின்றார்கள். தன்பாட்டில் படிக்கட்டும் என்று விடப்பட்ட 12 பேர் நன்றாகப் பின்னுக்கு. சின்னத் தொகைதான், அதை அவர்களும் மறைக்கவில்லை. ஆகவே நேரசூசி போடு. காலையில் கணக்கு. 2013இல் கன்ஸ்மன், கெய்தர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் மொழியில் முன்னுக்கும் கணக்கில் பின்னுக்கும் நிற்கிற போக்கு இருக்கிறது என்கிறார்கள். கணக்கை விடாதே மகள். நீ கணக்கில் கெட்டிக்காரி, உன் பிள்ளைக்கு அது குறையக் கூடாது.

உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் கல்விச் சபைக்கு வருடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். ஜேர்மனியில் சித்தப்பா வீட்டார் நினைத்தாலும் முடியாது, அங்கே சட்டம் விடாது. உனக்கு உரிமை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வேலையையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் படிப்பிக்கிறாய், அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. ஆனால் போன வருடம் பள்ளிக்கூடப் பையோடு துள்ளிக்கொண்டு படம் அனுப்பினவன், ஆவணி மாதத்துக்குப் பிறகு போனுக்கு வரவில்லை. நித்திரை என்கிறாய். குளிக்கிறான் என்கிறாய். பள்ளிக்கூடத்தில் ஏதும் நடந்ததா என்று நான் கேட்கவில்லை. காலையில் ஒரு மணித்தியாலம் கணக்கு, அதை மட்டும் விடாதே.

ஒன்று எழுதவேண்டும். எழுதாமல் இந்தக் கடிதத்தை மடிக்க முடியாது.

2007இல் உன்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினேன். செங்கமாரி வருத்தம் என்று அதிபரிடம் பொய் சொன்னேன். பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அதில் எனக்கு இன்றைக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் பின் அறையில் உன்னை இருத்திவிட்டு நான் வடிவாகப் படிப்பித்தேன் என்று பதினைந்து வருடமாக ஊருக்குச் சொல்லிவருகிறேன். மெனிக் பாம் அகதி முகாமில் தரப்பாள் கொட்டிலில் இருந்து 2009 ஆவணியில் நீ உயர்தரப் பரீட்சை எழுதினதை என் வெற்றியாகச் சொன்னேன். அது உன்னுடையது. நான் படிப்பித்ததைவிடக் கத்தினதுதான் அதிகம். வேலிக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டால் என் கை நடுங்கும், அந்தக் கோபத்தை உன் கொப்பியில் காட்டினேன்.

உன் கூட்டாளிப் பிள்ளை ஒருநாள் படலைக்கு வந்து உன்னைக் கேட்டாள். நீ வவுனியாவுக்குப் போய்விட்டாய் என்று சொன்னேன். நீ உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு சத்தமும் போடவில்லை. அவள் கொண்டுவந்த வீரைப்பழத்தைப் படலையடியில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவளை நாங்கள் காணவில்லை. அதைப் பற்றி நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

பிள்ளையைப் பயத்தில் வீட்டுக்குள் வைக்கிறதை நீ என்னிடம்தான் பழகினாயோ என்று இந்த நாலு இரவும் யோசித்தேன். பயமில்லை, விரும்பித்தான் வைத்திருக்கிறாய் என்றால் அப்படி எழுது, நான் நம்புவேன். பயம் என்றால் என்ன பயம் என்று எழுது. அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். அவனுக்கு வீட்டுக்கு வந்துபோகிற ஒரு கூட்டாளியாவது இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடாதே.

மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். ஞாயிறு உங்களுக்குக் காலை எட்டு மணி, எங்களுக்குப் பொழுதுபட்டிருக்கும். அப்போது அவனை ஒருக்கால் போனுக்கு வரச் சொல். அம்மப்பா கணக்குக் கேட்கமாட்டார் என்று சொல். அவன் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில் வை.

அன்புடன்,
அப்பா