கிளட்ச் கவர் பேக்கிங்கை மாற்றுமுன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். பைக்கின் கிளட்ச் கவர் (இன்ஜின் பக்கவாட்டு மூடி) அடியில் ஆயில் கசிகிறது, பேக்கிங்கை (மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தாளை) மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். நேராக வண்டிக்கே வருகிறேன்.

கிளட்ச் கவரின் அடியில் ஆயில் திரண்டு நிற்பதை வைத்துப் பேக்கிங் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதே. மேலே எங்கோ கசிந்தாலும் ஆயில் கீழே வந்துதான் சொட்டும். பிசுக்கு நீக்கும் டீகிரீசர் போட்டு இன்ஜினைக் கழுவி நன்றாக உலர்த்து. கவர் விளிம்பைச் சுற்றியும் அதற்கு மேலேயும் டால்கம் பவுடரைத் தூவி, 10 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பார். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, கசிவு அங்கேதான். அது கிக் ஷாஃப்ட் (கிக்கர் தண்டு) சீலாகவோ சிலிண்டர் அடிப் பேக்கிங்காகவோ இருந்தால் கவர் பேக்கிங்கை மாற்றிப் பயனில்லை. ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் மடிந்தோ அடைத்தோ கிடக்கிறதா என்றும் பார்த்துவிடு. கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிக்கூட்டுக்குள்) அழுத்தம் ஏறினால் புதுப் பேக்கிங்கிலும் ஆயில் வழி கண்டுபிடித்துவிடும்.

பேக்கிங்தான் என்று உறுதியானால் பிரி. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிடு. ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வை. எல்லாமே 8 மி.மீ. தலைதான், ஆனால் நீளம் வேறு வேறு. நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தோன்றும், கவர் அழுந்தியிருக்காது. குட்டையானதை ஆழத் துளையில் போட்டால் இரண்டு மரையை மட்டும் பிடித்து அலுமினியத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டு. இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறலே அடுத்த கசிவின் வாய்க்கால். கவர் வெளியே வரும்போது ஷாஃப்ட் நுனியில் இருக்கும் வாஷர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழக்கூடும், கவனி. கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின் (சிறு உருளை ஆணி) இரண்டும் எந்தப் பக்கம் தங்கின என்று பார்த்துக்கொள்.

பொறுமை வேண்டியது பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போதுதான். உள்ளே துணியை அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டு. பிடிவாதமான இடத்தில் பிளேடைப் படுக்க வைத்துத் தள்ளு. எமரித் தாளால் இன்ஜின் பக்கத்தைத் தேய்க்காதே, அந்தத் தூள் ஆயிலோடு பேரிங்குக்குள் போகும். கடைசியில் பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்து, விரல் நுனியால் விளிம்பு முழுக்கத் தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். கவரைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்தால் வளைவும் தெரிந்துவிடும்.

சிலிக்கான் பேஸ்ட்டை விளிம்பு முழுக்கப் பூசலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். இறுக்கும்போது அது உள்பக்கமும் பிதுங்கும். அந்தத் துணுக்கு உதிர்ந்து ஆயில் வலையில் அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் போகாது. சில இன்ஜின்களில் கிராங்க்குக்குப் போகும் ஆயில் இந்தக் கவர் வழியாகத்தான் போகிறது. அந்தத் துளை அடைபட்டால் இன்ஜினே போய்விடும். இந்தப் பேக்கிங் காகித வகை. உலர்ந்த பரப்பில் அப்படியே வை, நகராமல் இருக்கக் கவர் பக்கம் மட்டும் மிக மெல்லிசாகக் கிரீஸ் தடவிக்கொள். கிராங்க்கேஸின் இரு பாதிகள் சேரும் கோட்டில் மட்டும், கம்பெனி மேனுவல் சொன்னால், கடுகளவு பேஸ்ட் போதும். அட்டையை வெட்டிப் பேக்கிங் செய்யும் யோசனையையும் விட்டுவிடு. தடிமன் மாறினால் ஷாஃப்ட்டின் பக்கவாட்டு இடைவெளியும் மாறும்.

கவர் கை அழுத்தத்திலேயே முழுதாக உட்கார வேண்டும். இடைவெளி நின்றால் போல்ட்டால் இழுக்காதே. கிளட்ச் லீவரோ கிக் ஷாஃப்ட்டோ சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். எல்லா போல்ட்டையும் விரலால் திருகி விட்டு, எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கு. தலை 8 மி.மீ. என்றாலும் இவற்றின் தண்டு 6 மி.மீ.தான். அந்த அளவு போல்ட்டுக்கு டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர்தான்; உன் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு. பெரிய ரெஞ்ச் போட்டால் மரை போவதே தெரியாது. கசிவு நிற்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பலரும் மரையைக் கெடுக்கிறார்கள்.

ஆயிலை ஊற்றி, 3 நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்து வண்டியை நிமிர்த்தி அளவைப் பார். மறுநாள் இன்ஜின் ஆறிய நிலையில் அதே டார்க்கில் ஒருமுறை சரிபார். பிறகு பவுடரை மீண்டும் தூவி ஓட்டு.

கவரைக் கழற்றியதும், துடைப்பதற்கு முன்னால், பழைய பேக்கிங்கைப் படம் எடுத்து அனுப்பு. ஆயில் எந்த இடத்தில் ஊடுருவியிருக்கிறது என்று அதன் கறையே காட்டிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்