அட்மின் சாவி யார் கையில்?

ஈரோடு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கோவையில் கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் மூட்டுவலி குறைந்து, காலையில் தோட்டத்துக்குப் போய் வருகிறார்.

பொள்ளாச்சித் தென்னை நார்க் கம்பெனிக்கு வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் நீ செய்துவரும் இணையதளத்தின் நிர்வாகப் பக்கத்தில், அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு வேண்டாத மெனுக்களை நீக்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். மெனுவை நீக்கினால் வழி மறைகிறதே தவிர கதவு பூட்டப்படுவதில்லை. அட்மின் உரிமை, அதாவது தளம் முழுவதையும் மாற்றும் உரிமை, உள்ளவர் அந்தப் பக்கத்தின் முகவரியை நேரே தட்டினால் அது திறந்துகொள்ளும். பூட்டு, பயனருக்கு நாம் தரும் அனுமதிகளில்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னிமலைப் பக்கம் போர்வை விற்கும் ஒரு கடைக்காரர் கேட்டாரே என்று அட்மின் உரிமையையே கொடுத்துவிட்டு, மெனுக்களை மட்டும் மறைத்து வைத்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், கடைப் பையன் ஒருவன் பிரவுசரில் கிடந்த பழைய முகவரி வழியாக தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் ப்ளகின்களின் பக்கத்துக்குள் போய், இன்னதென்று அறியாமல் பணம் வாங்கும் ப்ளகினை நிறுத்திவிட்டான். ஒன்றரை நாள் ஓர் ஆர்டரும் வரவில்லை. முதலாளி அவனைத் திட்டியபோது, பிழை என்னுடையது என்று சொல்லி அவர் முன்னால் நின்றது இன்னும் மனத்தில் இருக்கிறது.

அதிலிருந்து, எந்தத் தளத்துக்கும் முதலில் கடையில் அரை நாள் உட்கார்ந்து, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்த பிறகே ரோல், அதாவது அவரவருக்கு உரிய அனுமதிகளின் தொகுப்பு, அமைக்கிறேன். 2005 இறுதியில் வேர்ட்பிரஸின் 2.0 பதிப்போடு வந்த அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆதர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்னும் ஐந்து ரோல்களும் பத்திரிகை அலுவலகத்துக்குப் பொருந்துமே ஒழிய ஜவுளிக் கடைக்குப் பொருந்துவதில்லை. கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், ஆனால் படம் ஏற்ற முடியாது; போர்வைப் படமே ஏற்ற முடியாதவனுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? இணைய விற்பனைக்கான வூகாமர்ஸ் ப்ளகின் தரும் ஷாப் மேனேஜர் ரோலோ என்றால், அதை உடையவர் கடையின் அமைப்புகளையே மாற்றலாம். ஆகவே பொருள் சேர்க்கவும் படம் ஏற்றவும் மட்டும் அனுமதியுள்ள தனி ரோல் ஒன்றை நானே உண்டாக்கினேன்.

அதில் ஓர் எச்சரிக்கை: ரோல் டேட்டாபேஸில் பதிந்துவிடுவதால், பின்னர் நிரலில் அனுமதிகளைத் திருத்தினாலும் பழையதே நீடிக்கும். பழைய ரோலை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும், அல்லது அனுமதியைத் தனியே கூட்டிக் குறைக்க வேண்டும்.

மெனுவைச் சுருக்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடையில் கணக்கு எழுதும் அம்மாவுக்கு ஆர்டரும் பொருளும் மட்டுமே தெரியும்படி செய்து, அவருடைய புரொஃபைலில் மொழியைத் தமிழாக்கிக் கொடுத்தபோது, அவர் முகத்தில் இருந்த பயம் போனதைக் கண்டேன். வேர்ட்பிரஸின் 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய மொழியை வைத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர்க் கடைகளுக்குப் பெரிய உதவி.

தளத்தை ஒப்படைக்கும் முன், கம்பெனிக்காரர்களின் கணக்கிலேயே நுழைந்து, மறைத்த பக்கங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். ஏதாவது திறந்தால் எனக்கு எழுது. அடுத்த ஞாயிறு நான் பொள்ளாச்சிக்கே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்.