வடசென்னை ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டு முடியும்போது, நன்றாகப் படிக்கிற சிலர் வந்து, "மேடம், நானும் பிஎச்.டி. முடிச்சு காலேஜ்ல சேரணும்" என்பார்கள். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கூடவே ஒரு கவலையும் வரும். அவர்கள் அடுத்து வந்து நிற்கப்போவது பிஎச்.டி. வழிகாட்டிகளான உங்கள் அறை வாசலில்தான். நீங்கள் அன்று சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் பொறுத்து அவர்களின் பத்து வருடம் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அம்மாவும், பாரிமுனையில் மூட்டை ஏற்றும் அப்பாவும் இதை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

முதலில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள். அதற்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான நெட் தேர்வை முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. அதற்கான வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியல் வகுப்பு, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இது தெரியாமல், வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்துவிட்டு, ஆய்வின் நடுவில்தான் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிறவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன். அதற்குள் வயது தாண்டியிருக்கும். ஆதிதிராவிடர் நலத்துறை பட்டியல் வகுப்பு, பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தால் தயவுசெய்து அலையவிடாதீர்கள். கடைசித் தேதிக்குள் போய்ச் சேராத விண்ணப்பத்தால் ஒருவருக்கும் பயனில்லை.

அப்புறம் சம்பளக் கணக்கு. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதை மட்டும் கேள்விப்பட்டுத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு 20,000 ரூபாயாக இருந்து 25,000 ஆனது. அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் கிடையாது. ஆக, ஆண்டுக்கு 2,75,000. ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொன்னது. அப்படித் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. நிரந்தரப் பணிக்கு 2019இல் ஓர் அறிவிப்பு வந்தது, நியமனத்தில் முடியவில்லை. 2024இல் 4,000 இடங்களுக்கு இன்னொன்று வந்தது, அதற்கான தேர்வும் குறித்த தேதியில் நடக்கவில்லை. இந்தக் காத்திருப்பு காலத்தில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிறது, அம்மா அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. வீட்டு வாடகைக்கு மே மாதம் விடுமுறை இல்லை. இதைச் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஓட மாட்டார்கள். தெரிந்து வருகிறவர் நெட்டுக்கும் நிரந்தரப் பணிக்கான எழுத்துத் தேர்வுக்கும் முதல் நாளிலிருந்தே படிப்பார். வீட்டிலும் முன்கூட்டியே பேசி வைப்பார்.

கட்டுரை வெளியிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 நெறிமுறைகளில் எடுத்துவிட்டது. தரமான ஆய்விதழ்கள் என்று அது வைத்திருந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இப்போது எது நல்ல இதழ் என்று காட்டித்தர வேண்டியவர் முழுக்க நெறியாளர்தான். இன்றைக்கும் பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களுக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் தரமணிக்கும் எழும்பூருக்கும் எத்தனை முறை போய் வரலாம்! தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஆய்வாளர்களை ஒருமுறையாவது நீங்களே கூட்டிப் போங்கள். கன்னிமாரா நூலகத்துக்குள் கால் வைக்காமலே ஆய்வேடு முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் மிகவும் வேண்டிக் கேட்பது தலைப்பைப் பற்றி. ஏற்கெனவே நாலு பேர் செய்ததில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருவது வழக்கமாகிவிட்டது. எண்ணூரிலிருந்து வந்த மாணவி 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். பெரம்பூர் மாணவனின் தாத்தா பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவராக இருக்கலாம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921இல் அந்த மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததும் அவனுடைய தெருக்களில்தான். இவர்களுக்கு நுகர்வோர் மனப்பான்மை பற்றி இன்னொரு கேள்வித்தாள் ஆய்வு எதற்கு? பட்டம் வாங்கியபின் ஒருவரை ஆய்வில் பிடித்து வைப்பது அவருக்குச் சொந்தமான ஒரு கேள்விதான். வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, விடைத்தாளும் திருத்திவிட்டு, இரவில் ஒருவர் எழுத உட்கார்கிறார் என்றால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை என்றுதான் பொருள்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வு அன்று நடப்பதையும் எழுதியாக வேண்டும். சால்வை, பரிசு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று செலவு முழுக்க ஆய்வாளர் தலையில் விழுகிறது. அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பிரியாணி போட்ட வீடுகள் உண்டு. யாரும் வற்புறுத்துவதில்லை என்பீர்கள். சரி, "எதுவும் வேண்டாம்மா, டீ போதும்" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை நிம்மதியாக வந்து தன் ஆய்வைப் பற்றிப் பேசும்.

உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், பேராசிரியர் எட்டுப் பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேச முடியும். அடுத்த சேர்க்கை தொடங்கும் முன், உங்கள் துறையில் கடைசியாகப் பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து ஒரு கௌரவ விரிவுரையாளர்